எல்லைக் கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்தவள்

சிவபாக்கியம் என்ற பெயரை அழகம்மாள் முதன்முதலில் கேட்டபோது, அது சொல்லக் கூடாத சொல்லாக இருந்தது.

அறுபத்து நாலாம் வருஷம் தை மாதம். கூக்கால் குழந்தைவேலின் மூன்றாவது மகள் அழகம்மாளைப் பூண்டி வேலுச்சாமிக்குக் கட்டிக்கொடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. குழந்தைவேலின் தாய் பிறந்த ஊரும் பூண்டிதான் என்பதால் பெண் அந்நியத்தில் வந்துவிடவில்லை. மாமியார் பிச்சையம்மாள் மருமகளை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அடுப்புக்கு மேலே பரண், பரணை ஒட்டி நீளக் கயிறுகள், கயிறு நெடுகக் கத்தை கத்தையாக மலைப்பூண்டு. கீழே இருந்து புகை ஏறி ஏறிப் பூண்டெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. புகையில் காயாத பூண்டு மழைக்காலம் தாங்காது, விதைக்கும் ஆகாது. கோடைக்கானல் மேல்மலைக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"இந்தா பாரு தாயி, இந்த அடுப்புக்கு முன்னால மூணு வார்த்த வாயில வரக் கூடாது. எரிஞ்சுச்சுன்னு சொல்லக் கூடாது. கருகுச்சுன்னு சொல்லக் கூடாது. சிவபாக்கியம்னு சொல்லக் கூடாது."

அழகம்மாளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "சோறு அடிப்பிடிச்சா என்னன்னு சொல்லட்டும் அத்த?"

"செவந்துருச்சுன்னு சொல்லு."

"சரி. மூணாவதுன்னு ஒண்ணு சொன்னீகளே, அது யாரு?"

"அது உனக்கெதுக்கு? சோலியப் பாரு."

வேலுச்சாமிதான் காட்டில் களை எடுக்கும்போது சொன்னான். சிவபாக்கியம் வேறு யாருமில்லை, அவன் அப்பா பழனிச்சாமியின் கூடப்பிறந்த தங்கை. அவனுக்கு அத்தை; அந்த வழியில் அழகம்மாளுக்குச் சின்னம்மா முறை. இதே ஊரில் நல்லுசாமிக்கு வாழ்க்கைப்பட்டவள். ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில் நல்லுசாமி வீட்டுப் பரண் பற்றிக்கொண்டது. விதைப்பூண்டை இழுத்து வெளியே போடலாம் என்று உள்ளே ஓடிய மனுஷன் மேல் கூரை இறங்கிவிட்டது.

பூண்டியில் ஒரு வழக்கம் உண்டு. அடுப்புப் பொறி பறந்து பரணில் ஒரு கத்தை பொசுங்குவது எந்த வீட்டிலும் நடக்கிற சங்கதி. ஒரு குடம் தண்ணீரில் அணைந்துவிடும். அணைந்த பிறகு வீட்டுக்காரர் பொசுங்கிய கயிற்று நுனியை எடுத்துப் போய், ஊருக்குக் கீழே இருக்கும் எல்லையம்மன் கல்லின் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அந்தச் சேதி மனுஷர் காதில் விழக் கூடாது. விழுந்தால், அணைந்த தீக்கு நாமே வழி காட்டிக் கூப்பிட்ட மாதிரி.

நல்லுசாமி செத்த ஏழாம் நாள் சிவபாக்கியம் அந்தக் கல்லுக்குப் போனாள். காலடியில் கிடந்த கயிற்று நுனிகளில் மூன்று அவளுக்குத் தெரிந்தவை. நல்லுசாமி இடது கைக்காரன். அவன் திரித்த கயிறு ஊரார் கயிற்றுக்கு எதிராக முறுக்கியிருக்கும். அப்படியானால் அதே வருஷம் மூன்று தடவை அவள் வீட்டுப் பரண் பொசுங்கியிருக்கிறது. அவன் தானே அணைத்து, தானே கொண்டுவந்து வைத்து, கட்டின பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு வந்து துக்கத்துக்குக் கூடியிருந்தவர்கள் நடுவில் நின்று கேட்டாளாம். "மூணு தடவ வந்தத யாராச்சும் எங்கிட்டச் சொல்லியிருந்தா, நாலாவது தடவைக்கு நான் பரணப் பிரிச்சுப் போட்டிருப்பேனே?"

அம்மன் காலடியில் வைத்ததை எடுத்து வந்தவள் என்று ஊர் அவளை ஒதுக்கியது. மகள் முருகம்மாளைக் கூட்டிக்கொண்டு கோடைக்கானல் போனாள். நாயுடுபுரத்துக்கு மேலே ஒரு பங்களாவில் சமையலுக்கு நின்றாள்.

அந்தப் பங்களாவுக்கு அறுபத்து நாலு சித்திரையில் திருமலைச்சாமி என்று ஒரு இன்ஜினியர் வந்து தங்கினார். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த குடும்பம். படித்து, பம்பாய்ப் பக்கம் அணுசக்தி வேலைக்குப் போனவர். நெஞ்சுச் சளிக்கு மலைக்காற்று நல்லது என்று டாக்டர் அனுப்பிவைத்திருந்தார். ஓய்வெடுக்க வந்த மனுஷன் ஓயாமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

"என்ன சார் எழுதுறீக? குண்டு போடுற சோலியா?" என்று கேட்டாள் சிவபாக்கியம்.

"குண்டு இல்லக்கா. தண்ணியக் காயவச்சு, அந்த ஆவியில சக்கரம் சுத்தி கரண்ட் எடுக்கிறது. அடுப்பு மட்டும் வேற மாதிரி."

"அடுப்புன்னா தீ வருமே சார்."

"எல்லாரும் அந்த அடுப்பத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க. நான் கம்பியப் பாக்குறேன். அடுப்புக்குத் தண்ணி விடுற மோட்டாருக்குக் கம்பி, சூடு எவ்வளவுன்னு காட்டுறதுக்குக் கம்பி, எல்லாம் ரப்பர் சட்ட போட்டுக்கிட்டு, கூரை நெடுகக் கத்தை கத்தையாப் போகும். அது பத்திக்கிட்டா உள்ள என்ன நடக்குதுன்னே வெளிய இருக்கவனுக்குத் தெரியாது."

சிவபாக்கியம் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "கத்தை கத்தையாவா? வரிசையாவா? அதுக்குக் கீழ சூடு இருக்குமா?"

"இருக்கலாம். ஏன்?"

ஏழு வருஷமாக யாரிடமும் சொல்லாததை அன்றைக்கு அவள் சொன்னாள். பரண், கயிறு, பூண்டு, இடது கை முறுக்கு, எல்லாம். அவர் எழுதிக்கொண்டிருந்த தாளை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு அவர் சொன்னதை அவள் இன்றைக்கும் வார்த்தை பிசகாமல் சொல்லுவாள்: "பெரிய தீ வந்தா போலீஸ் எழுதும். தானா அணைஞ்ச தீய எவனும் எழுதுறதில்ல. நூறு சின்னத் தீயில எத்தன பெருசாகும், மிச்சத்த எது நிறுத்துச்சு? அது தெரியாம நான் சொல்றதெல்லாம் வெறும் ஜோசியம்."

"நான் எழுதிட்டு வாரேன் சார்" என்றாள். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆனாலும் சொன்னாள்.

அவர் ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தார். எந்த நாள், எங்கே தொடங்கியது, எத்தனை கத்தை, எவ்வளவு நேரம், யார் பார்த்தது, எப்படி நின்றது. நேரம் தெரிய ஒரு பழைய கைக்கடிகாரமும் கொடுத்தார். பங்குனியில் அவர் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் நோட்டு அவர் கைக்கு வந்தாக வேண்டும்.

ஆடி மாதம் ஒரு நாள் வெள்ளனே அவள் பூண்டிக்கு வந்து நின்றதை அழகம்மாள் பார்த்தாள். குட்டையான உருவம், காதில் பென்சில், கையில் ஆம்பளைக் கடிகாரம்.

பிச்சையம்மாள் வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள். "வாடி மகராசி. காதுல பென்சிலு, கையில வாட்சு. முன்சீப்பு வேலைக்குப் போறியாக்கும்?"

"பொம்பளைக்கு எவன் மதினி முன்சீப்பு வேல தருவான்? உங்க பரண்ல இந்த வருசம் எத்தன தடவ பொசுங்குச்சு, அத மட்டும் சொல்லுங்க. நான் போயிருதேன்."

பிச்சையம்மாள் செம்புத் தண்ணீரை எடுத்து வாசப்படியில் ஊற்றினாள். கண்ணேறு கழிப்பது மாதிரி. "எங்க வீட்ல ஒண்ணும் இல்ல. ஒனக்கும் இங்க ஒண்ணும் இல்ல."

சிவபாக்கியம் நின்ற இடத்திலேயே நோட்டை விரித்து எதையோ எழுதினாள். அழகம்மாள் ஐந்தாம் வகுப்பு படித்தவள், எட்டிப் பார்த்தாள். மேலே இருந்து கீழே வரை எல்லா வீட்டுக்கும் நேராக ஒரே சொல்: சொல்லவில்லை.

தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் பின்னாலேயே போய்க் கேட்டாள். "இல்லன்னுதான சின்னம்மா சொன்னாங்க? சைபர் போட்டா என்ன?"

சின்னம்மா என்ற சொல் சிவபாக்கியத்தை நிறுத்திவிட்டது. திரும்பிப் பார்த்தாள். "நீ வேலுச்சாமி பொஞ்சாதியா? கேளு தாயி. சைபர் போட்டா தீயே வரலன்னு அர்த்தம். அது பொய்யி. சொல்லலங்கிறதுதான் நெசம். இந்த நோட்டு இப்பிடியே போச்சுன்னா, பொசுங்குற பண்டம் தன்னால அணைஞ்சுக்கிரும், ஒண்ணும் செய்ய வேணாம்னு இன்ஜினியர் ஆபீசுல எழுதிருவாங்களாம். அப்பறம் எந்த ஊருலயோ ஒருத்தன் என் வீட்டுக்காரரு மாதிரி உள்ள போவான். நான் அதுக்கு விட மாட்டேன்."

"யாருமே சொல்லாட்டி என்ன செய்வீக?"

"வருவேன். அடுத்த வாரமும் வருவேன்."

வந்தாள். பஸ் இருக்கிற நாள் பஸ்ஸில், இல்லாத நாள் நடந்து. பூண்டியும் கூக்காலும் சேர்த்து நூற்று அறுபது வீடு. ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. நாலு மாதமும் அதே ஒரு சொல். நாய் குரைத்தால் "கடியாரக்காரி வாரா" என்று கதவைச் சாத்தினார்கள். பக்கத்து வீட்டுக் காளியாயி மட்டும் வாய்க்கொழுப்பு அடங்காமல், "எங்க வீட்ல எரியுறதெல்லாம் எம் மாமியா வயிறுதான், அத எழுதிக்க" என்றாள். சிவபாக்கியம் முகம் மாறாமல், "எத்தன நாளா எரியுது?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தாள்.

கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம். மழை விட்டிருந்தது. பிச்சையம்மாள் காட்டில் இருந்தாள். அழகம்மாள் உலை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், உள்ளே ஒரு சரசரப்புக் கேட்டு நிமிர்ந்தாள். பரணில் ஓரத்துக் கத்தை பற்றிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து ஓடுவதற்குள் தீ கயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுத்த கத்தைக்குப் போனது. அதிலிருந்து அடுத்தது. கிளை விட்டுக் கிளை குரங்கு தாவுகிற மாதிரி ஐந்து கத்தை. ஆறாவது, ஏழாவது இருந்த இடம் காலியாக இருந்தது. விதைக்கென்று முந்தின நாள்தான் அவள் அவிழ்த்து இறக்கியிருந்தாள், கயிற்றையும் அந்த மட்டுக்குச் சுருட்டி வைத்திருந்தாள். தீ அங்கே வந்து நின்றது. நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. எட்டாவது கத்தை எட்டவில்லை. ஈரச் சாக்கால் அடித்து அணைத்தாள்.

அணைத்த பிறகும் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கயிற்று நுனியை முந்தியில் முடிந்துகொண்டு எல்லைக்குப் போனாள். காலடியில் வைத்துவிட்டுத் திரும்பும்போது கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு செருமல்.

"யாரது?"

"நாந்தான். உன் மூஞ்சிய நான் பாக்கல. முதுகக் காட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்" என்றது சிவபாக்கியத்தின் குரல். "வீடு வீடாப் போனது என் தப்புத் தாயி. அடுப்புக்கு முன்னால நின்னுக்கிட்டு அடுப்பப் பத்திக் கேட்டா எவ சொல்லுவா? அதான் நுனிய எண்ணலாம்னு இங்க வந்தேன். இந்த வருசம் புதுசா பதினொண்ணு கெடக்கு. உன்னோடது பன்னெண்டு."

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் சின்னம்மா."

"எங்கிட்டச் சொல்லாத. மனுசி காதுல விழக் கூடாதுல்ல? அம்மன்கிட்டச் சொல்லு. அம்மன்கிட்டச் சொன்னா திரும்பி வரும்னு எவளாச்சும் சொல்லியிருக்காளா?"

அழகம்மாள் யோசித்தாள். அப்படி யாரும் சொன்னதில்லை. சொல்லாமல் வைத்துவிட்டு வா என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"உங்க காதுலயும் விழுமே?"

"காத மூடிக்கிருவேன்னு சொன்னா பொய்யாப் போகும். காத்தடிக்குது. எது விழுகுதோ விழுகுது."

அழகம்மாள் கல்லைப் பார்த்துக் கைகூப்பினாள். சொல்லத் தொடங்கினாள். மத்தியானம், உலை, ஓரத்துக் கத்தை, ஐந்து தாவல், காலி இடம். காலி இடத்தைச் சொன்னபோது பின்னால் பென்சில் கிறுகிறுவென்று ஓடும் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது.

"தாயே, எத்தன முழம் இருக்கும் அந்த எடம்?" என்று கல்லுக்குப் பின்னாலிருந்து அம்மனைக் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி வந்தது.

"ரெண்டு முழம் இருக்கும் தாயே" என்று அழகம்மாள் கல்லுக்கே பதில் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் பரணைப் பிரித்துக் கட்டினாள். பத்துக் கத்தைக்கு ஒரு தரம் கயிற்றை அறுத்து ரெண்டு முழம் காலி விட்டாள். பிச்சையம்மாள் வந்து அண்ணாந்து பார்த்தாள். "என்னடி இது, பல்லுப் போன கெழவி வாய் மாதிரி?"

"எலி தாவுது அத்த, அதுக்குத்தான்."

எட்டாம் நாள் திரும்பவும் ஒரு கத்தை பற்றியது. சொன்னதால் வந்துவிட்டதோ என்று அவளுக்கும் ஒரு சந்தேகம் தட்டத்தான் செய்தது. ஆனால் வந்த தீக்குப் போக இடமில்லை. அந்தப் பத்துக்குள்ளேயே, காலி இடத்துக்கு முந்தின மூன்றைத் தின்றுவிட்டு அவிந்தது. அதையும் போய்க் கல்லிடம் சொன்னாள். அது போதாதென்று காளியாயியிடமும் சொல்லிவிட்டாள். வழக்கத்தை உடைத்தவள் அழகம்மாள்தான். அதை அவள் பின்னால் ஒருநாளும் மறுத்ததில்லை.

"திரும்பி வந்துச்சாடி?" என்று காளியாயி வாயில் கை வைத்தாள்.

"வந்துச்சு. விருந்தாளி மாதிரி வாசல்ல நின்னுட்டுப் போயிருச்சு."

காளியாயி வாயில் விழுந்தது ஊரெல்லாம் விழும். மறு வெள்ளிக்கிழமை கல்லுக்கு முன்னால் மூன்று பெண்கள். அதற்கடுத்த வாரம் ஏழு பேர், ஒருத்தி சொல்லி முடிக்கிற வரை மற்றவர்கள் வரப்போரம் தள்ளி நின்றார்கள். எல்லாரும் அம்மனிடம்தான் சொன்னார்கள். அம்மனுக்குப் பின்னால் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு எழுதுவது யாருக்கும் தெரியாது, எல்லாருக்கும் தெரியும். மார்கழியில் கூக்கால்காரிகளும் தங்கள் எல்லைக் கல்லுக்கு அவளைக் கூப்பிட்டார்கள்.

மாசி மாதக் கடைசி வெள்ளி. பிச்சையம்மாள் குளித்து, மஞ்சள் பூசி, "ஏய் அழகு, கூட வா" என்றாள். எங்கே என்று அழகம்மாள் கேட்கவில்லை. எல்லையில் வேறு யாரும் இல்லை. மருமகளைப் பத்தடி தள்ளி நிறுத்திவிட்டுப் பிச்சையம்மாள் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தாள். கையில் கயிற்று நுனி எதுவும் இல்லை.

"தாயே, இது இந்த வருசத்துது இல்ல" என்று தொடங்கினாள். "அம்பத்தேழுல, மூணாந் தடவ பொசுங்குனப்ப, நல்லுசாமி எங்கிட்ட வந்தாரு. அக்கா, மனசு கெடந்து அடிச்சுக்குது, பாக்கியத்துகிட்டச் சொல்லிரட்டுமான்னு கேட்டாரு. நாந்தான் வேணாம்னேன். சொன்னா திரும்பி வரும்னேன். ஆனா எங்காதுல விழுந்திருச்சே தாயே. எங்காதுல விழுந்துதான் அது திரும்பி வந்துச்சு. நாந்தான் அவரக் கொன்னேன். அதான் அவ பேர அடுப்புக்கு முன்னால சொல்ல விடல."

பென்சில் சத்தம் இல்லை. அழகம்மாளுக்கு, சின்னம்மா எழுந்து வந்து மாமியாரின் மயிரைப் பிடித்து உலுக்கிவிடுவாள் என்று தோன்றியது. உலுக்கினாலும் தடுக்கக் கூடாது என்றும் தோன்றியது.

கல்லுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. ஆனாலும் அது கேட்டது நோட்டில் ஏற்ற வேண்டிய கணக்கைத்தான்.

"ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் எத்தன நாள் இடைவெளி?"

பிச்சையம்மாள் விரல் விட்டு எண்ணினாள். "மொதலுக்கும் ரெண்டாவதுக்கும் இருவது நாளு. அப்பறம் ஒம்பது. அப்பறம்... நாலு."

"இருவது. ஒம்பது. நாலு." பென்சில் ஓடியது. "காதுல விழுந்ததால வரல மதினி. நெருங்கி நெருங்கி வந்திருக்கு. அத ரெண்டு பேரு சேந்து எண்ணிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஒங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எந்திரிச்சுப் போங்க. வெரசாப் போயி உலையப் பாருங்க."

பிச்சையம்மாள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அழகம்மாள்தான் பார்த்தாள். சிவபாக்கியம் முதுகைக் காட்டியபடியே, நோட்டை மடியில் கவிழ்த்து வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பங்குனி பிறந்த நாலாம் நாள் நோட்டு திருமலைச்சாமி கையில் இருந்தது. நூற்று அறுபது வீடு, முப்பத்தெட்டுத் தீ. இருபத்தேழு முதல் கத்தையோடு அணைந்தவை. பதினொன்று கயிற்றைப் பிடித்துத் தாவியவை. அந்தப் பதினொன்றில் எட்டு காலி இடம் பார்த்து நின்றன, இரண்டைத் தண்ணீர் நிறுத்தியது, ஒன்று பரணைத் தின்றது. கடைசிப் பக்கத்தில் தனியாக மூன்று வரி: இருபது, ஒன்பது, நான்கு.

ஆடியில் பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. அழகம்மாள்தான் வாசித்துக் காட்டினாள். அங்கே உள்ள பெரிய அதிகாரிகள் முதலில் சிரித்தார்களாம், பூண்டுக்கும் மின்கம்பிக்கும் என்ன சம்பந்தம் என்று. இரண்டாம் தடவை வாசித்தபோது சிரிக்கவில்லையாம். கடைசிப் பக்கத்தை ஒருவர் தனியாகப் பிரதி எடுத்துக்கொண்டாராம். ஒரு வருஷக் கணக்கை வைத்து ஒன்றும் முடிவு சொல்ல முடியாது, இன்னும் எழுத முடியுமா என்று திருமலைச்சாமி கேட்டிருந்தார்.

"முடியுமான்னு கேக்குறாரு பாரு" என்றாள் சிவபாக்கியம். "நோட்டு வாங்கி அனுப்பச் சொல்லி எழுது. இந்தத் தடவ கட்டத்தப் பெருசாப் போடச் சொல்லு."

அறுபத்தொன்பது வரை ஐந்து நோட்டு எழுதினாள். பிறகு கடிதம் நின்றது. கம்பிக்கு நடுவே காலி விட்டுக் கட்டினார்களா என்று அவளுக்கு இன்று வரை தெரியாது. பூண்டியில் விட்டார்கள். பிச்சையம்மாள் சாகிற வரை தன் பரணில் ரெண்டு முழத்தைக் கயிறு வைத்து அளந்துதான் கட்டினாள், சின்ன நாத்தனார் பெயரை அடுப்புக்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டு.

சிவபாக்கியத்துக்கு இப்போது எண்பத்தொரு வயது. நாயுடுபுரத்தில் மகள் முருகம்மாள் வீட்டில் இருக்கிறாள்.